தானா ஓடும்னு சொன்னாங்க

2012-இல் பெரம்பலூரில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் நான் கடைநிலை உதவியாளன். பாலக்கரைப் பக்கம் ஒரு மாடியில் இரண்டு அறை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க கரண்ட் ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காத காலம் அது. கரண்ட் வந்ததும் ஓடிப்போய் டாலியைத் திறப்போம். போனதும் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு பில்களைத் தேதி வாரியாக அடுக்குவோம். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிக்காரர்கள், செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காய வியாபாரிகள், பருத்தி மண்டிக்காரர்கள் என்று எங்கள் பார்ட்டிகள் எல்லாரும் இந்த மண்ணிலிருந்து எதையாவது தோண்டியோ பறித்தோ விற்கிறவர்கள்.

அப்படி ஒருநாள் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது நடு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. உள்ளே யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி டக், டக் என்று ஒரு சத்தம் மட்டும். திருச்சியிலிருந்து வந்த சர்வீஸ் அண்ணன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டிஸ்க் போச்சு சார்" என்றார்.

"பேக்கப் இருக்குல்ல?" என்றார் எங்கள் சார்.

கேள்வி என்னிடம் வரவில்லை, கணக்கு அக்காவிடம் போனது. பேக்கப் அவர் பொறுப்பு. அக்கா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "தானா ஓடும்னு சொன்னாங்க சார்."

ஓடியிருக்கத்தான் வேண்டும். முந்தைய வருஷம் ஒரு பையன் வந்து தினமும் ராத்திரி 2 மணிக்கு டாலி ஃபோல்டரை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு நகல் எடுக்கும்படி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிட்டுப் போயிருந்தான். செத்துப்போன டிஸ்க்கில் அதைப் பார்க்க வழியில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் அதே ஏற்பாடு என்பதால் சர்வீஸ் அண்ணன் அதைத் திறந்து காட்டினார். 'கடைசியாக ஓடியது' என்ற கட்டத்தில் 'நெவர்' என்று இருந்தது. ஒருநாள்கூட ஓடவில்லை. எப்படி ஓடும்? மாலை 6 மணிக்கு எல்லாவற்றையும் அணைத்து, மெயின் சுவிட்சையும் இறக்கி, பூட்டிக்கொண்டு போகிறவர்கள் நாங்கள். ராத்திரி 2 மணிக்கு அந்த மாடியில் விழித்திருப்பது பல்லி மட்டும்தான். ஓடியிருந்தாலும் பிரயோசனமில்லை என்பது அடுத்த அடி. சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். ஒரே வீட்டில் நடுவில் சுவர் எழுப்பிவிட்டு, தீ அந்தப் பக்கம் வராது என்று நம்பியது போல.

பதினோரு பார்ட்டிகளின் ஒரு வருஷக் கணக்கை நானும் அக்காவும் பேப்பர் பில்லைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். லாரி ட்ரிப் சீட்டுகளில் பாதி மழையில் நனைந்து, எழுத்து பூத்துப்போயிருந்தது. சார் அக்காவைத் திட்டவில்லை. ஆனால் அந்த மாசம் முழுக்க அவரிடம் நேராகப் பேசவில்லை, என் மூலமாகப் பேசினார். ஞாபகம் வைத்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவரிடம், இனி நீ ஞாபகம் வைக்க வேண்டாம், மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, மிஷின் மறந்ததும் அவர் முகத்தையே பார்ப்பதில் ஏதோ அநியாயம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது. ஆனால் அதைச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தது சில வருஷம் கழித்து, திருமழபாடியில்.

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர், திருமானூர் வழியாக பஸ் மாறிப் போனால் கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி. மழவர்கள் படை தங்கிய இடம் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். பங்குனியில் நந்தி கல்யாணத்துக்குக் கூட்டம் அம்மும், மற்ற நாளில் ஆளரவமிருக்காது. வைத்தியநாத சுவாமி கோயில் சுவரைச் சுற்றி நடந்தால் கல் முழுக்க எழுத்து. அதில் ஒரு கல்வெட்டு சொல்வது இது: ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், இந்தக் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆணையிடுகிறான். பிரிப்பதற்கு முன்னால் சுவரிலிருக்கும் கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். கட்டி முடித்தபின், ராஜேந்திர சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், 1026 வாக்கில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பழைய கல்வெட்டுகள் புதுச் சுவரில் மறுபடி வெட்டப்படுகின்றன.

இதைப் படித்தபோது நான் கோயிலில் நின்றுகொண்டு சிரித்துவிட்டேன். இது அச்சு அசல் எங்கள் ஆபீஸ் வேலை. பழைய சிஸ்டத்தைக் கழற்றும் முன் பேக்கப், புது சிஸ்டம் வந்ததும் ரீஸ்டோர்.

எதற்காக இத்தனை கவனம் என்பதற்கு, அந்தச் சுவர் என்னவாக இருந்தது என்று தெரிய வேண்டும். கோயில் சுவர் பக்திக்கு மட்டுமான இடமாக இருக்கவில்லை. இந்த நிலம் இன்ன எல்லைக்குள், இத்தனை வேலி, வரி நீக்கியது, விளைச்சலில் இவ்வளவு நெல் கோயிலுக்கு என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. அன்றைய பத்திரப் பதிவு ஆபீஸ் அது. அரசனின் வாய்மொழி ஆணை ஓலையில் எழுதப்பட்டு, திருமந்திர ஓலை நாயகத்தின் கையொப்பத்தோடு வந்து, புரவுவரித் திணைக்களத்தார் பார்த்து, வரிப்பொத்தகத்தில் ஏறி, அதன் பிறகுதான் கல்லுக்கோ செம்புக்கோ போகும். சுவரை இடித்தால் ஊரின் கணக்கே இடிகிறது. இரண்டு தலைமுறைக்கு முன் ஒருவர் வைத்த விளக்குக்கான நிலத்தை நாளைக்கு யாராவது உழுதுகொண்டிருப்பார். கேட்டால், "எங்க எழுதியிருக்கு?" என்பார்.

ராஜராஜனுக்கு முன்னால் செம்பியன் மாதேவியார் செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கியபோதும் இதே முறைதான். அவர் மழவரையர் மகள், இந்தப் பக்கத்துப் பெண் என்று நாங்கள் உரிமை கொண்டாடலாம். திருக்கோடிக்காவலில் அவர் காலத்தில் திரும்ப வெட்டிய பழைய சாசனங்களில், இது பழங்கற்படி என்று ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள். அதாவது, இது மூலமில்லை, பழைய கல்லிலிருந்து எடுத்த நகல் என்று நகலே சொல்லிக்கொள்கிறது. எங்கள் ஆபீஸில் 'பைனல்', 'பைனல் புதுசு', 'பைனல் புதுசு 2' என்று ஃபைல்கள் கிடந்த நாட்களில் இந்த நாணயம் எங்களிடம் இல்லை.

திருமழபாடியில் என்னைத் தொட்டது வேறொன்று. படியெடுக்கச் சொன்னது 1013 வாக்கில். திரும்ப வெட்டியது 1026 வாக்கில். ராஜராஜன் 1014-இல் இறந்துவிட்டான். சொன்னவன் போய், நாடு மகன் கைக்கு மாறி, மகன் கங்கைவரை படை அனுப்பி, தலைநகரத்தையே தஞ்சாவூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். இதற்கு நடுவில் பதிமூன்று வருஷம் அந்தப் புத்தகத்தை யாரோ ஒருவர் கரையானிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறார். அதைவிட, அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது, அது எதற்காக இருக்கிறது என்பதை மறக்காமல் இருந்திருக்கிறார். தானாக எதுவும் ஓடவில்லை.

அதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இதற்கு எதிர் உதாரணமும் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் இன்றைக்கு மிச்சம் செங்கல் அடித்தளம்தான். பெரிய கோயிலின் மதில் கல்லை 1836-இல் கொள்ளிடத்தின் கீழணைக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தக் கற்களில் இருந்த எழுத்தைப் புத்தகத்தில் ஏற்ற யாருக்கும் உத்தரவு இல்லை. ஆனால் ராஜேந்திரனின் பரம்பரையையும் படையெடுப்புகளையும் விரிவாகச் சொல்லும் 31 செப்பேடுகள் 1905-இல் திருவாலங்காட்டில் கிடைத்தன. தலைநகரில் இருந்தது போயிற்று, எங்கோ தொண்டைநாட்டுக் கோயிலில் இருந்தது பிழைத்தது. நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று இன்றைக்குக் கம்ப்யூட்டர் ஆட்கள் சொல்வதைச் சோழர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. செப்பேடு யாருக்கு தானமோ அவர் ஊரில் இருக்கும், அவ்வளவுதான். பலன் ஒன்றுதான்.

கல்லுக்கு அவசரமில்லை. ஓலைக்கு உண்டு. நன்றாகப் பராமரித்தால் இருநூறு முந்நூறு வருஷம் தாங்கும், விட்டுவிட்டால் ஒரு மழைக்காலம் போதும். அதனால் ஓலை உலகத்தில் படியெடுப்பது எப்போதாவது நடக்கும் வேலையாக இருக்க முடியாது, சுழற்சியாக நடந்தாக வேண்டும். சிதைகிற ஏட்டைப் புது ஏட்டில் எழுதிக்கொண்டு, பழையதை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவது வழக்கம். இரண்டு வேலை, ஒரு தேதி. எங்கள் மொழியில் சொன்னால் ஷெட்யூல் போட்ட பேக்கப், கூடவே பழைய நகலை அழிக்கும் விதி.

உ.வே.சாமிநாதையர் சிறுவயதில் படித்தது எங்கள் பக்கத்தில்தான். 1860-களில் அப்பாவோடு அரியலூரிலும் குன்னத்திலும் இருந்தார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, பெரம்பலூருக்குப் பக்கத்துச் செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஆசிரியர்களைத் தேடித் தேடிப் போனார். குன்னம் பஸ் ஸ்டாப்பில் இறங்கும் யாருக்கும் இது தெரிந்த மாதிரித் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு நூல் வேண்டுமென்றால் இரவல் வாங்கி ஏட்டில் எழுதிக்கொள்வதே பெரும்பாலும் வழி. படிப்பும் படியெடுப்பும் ஒரே வேலை. ஒவ்வொரு மாணவனும் ஒரு நகல்.

பிறகு அவரே சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தபோது பார்த்தது வேறு. திருநெல்வேலிப் பக்கம் புலவர் வீடுகளில் கேட்டால், பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் தாமிரபரணியில் விட்டுவிட்டோம் என்றார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். தமிழ் இலக்கியம் தொலைந்த கதையாக இதைப் பலமுறை படித்து வருத்தப்பட்டிருக்கிறோம். எனக்கு இப்போது அது வேறு மாதிரித் தெரிகிறது. அந்த மனிதர்கள் சோம்பேறிகள் இல்லை, நூலை மதிக்காதவர்களும் இல்லை. ஆடிப் பதினெட்டைத் தவறவிடாமல் செய்தார்கள். இரண்டு வேலையில் முதல் வேலை எப்போதோ நின்றுவிட்டது. எழுதத் தெரிந்த தலைமுறை போய்விட்டது, அல்லது அச்சுப் புத்தகம் வந்ததும் எழுதுவதன் தேவை போய்விட்டது. இரண்டாவது வேலை மட்டும் நாள் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. நகலெடுக்கும் கை நின்றபிறகும் அழிக்கும் கை நிற்கவில்லை.

இது இன்றைக்கு விண்டோஸிலும் நடக்கும். ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையில் 'மிர்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. கண்ணாடி மாதிரி இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும். மூலத்தில் இல்லாதது நகலிலும் இருக்கக் கூடாது என்று அதற்கு உத்தரவு. மூலத்தில் ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்துவிட்டால், அடுத்த ஓட்டத்தில் நகலிலிருந்தும் அது மரியாதையாக அழிந்துவிடும். ஃபைலை இணையத்தோடு ஒத்திசைத்து வைக்கும் சேவைகளும் அடிப்படையில் இந்தக் கண்ணாடிதான். பழைய பதிப்பைக் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள், பிறகு ஆற்றில்.

மிஷினுக்கு நேரம் வைக்கும் கதைக்கு வருகிறேன். 1979-இல் பெல் லேப்ஸிலிருந்து வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் கிரான் என்ற சின்ன நிரல் இருந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை விழித்து, ஒரு அட்டவணையைப் படித்து, இப்போது செய்ய ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கும். அட்டவணையில் ஐந்து கட்டம்: நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை. நம் பஞ்சாங்கத்துக்கும் அங்கம் ஐந்து, தற்செயல்தான். 1987-இல் பால் விக்ஸி அதைத் திருத்தி எழுதிய வடிவமும் அதன் வாரிசுகளும் உலகின் சர்வர்களில் பரவலாக ஓடின. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் அதே யோசனைக்கு ஜன்னல் வைத்தது.

அந்த உலகத்தில் கம்ப்யூட்டரை அணைக்க மாட்டார்கள். பல்கலைக்கழகத்திலும் பெரிய நிறுவனத்திலும் அது இரவு பகலாக ஓடும். பகலில் ஆட்கள் பயன்படுத்துவார்கள், ராத்திரி காலியாக இருக்கும், எனவே கனமான வேலையை ராத்திரி வை என்பது அங்கே நியாயமான ஏற்பாடு. அந்த நியாயம் கையேட்டில் ஏறி, பயிற்சி வகுப்பில் ஏறி, கடைசியில் பெரம்பலூர் மாடியில் ராத்திரி 2 மணி என்று வந்து உட்கார்ந்தது. அந்தப் பையன் தவறாகச் செய்யவில்லை. கற்றுக்கொடுத்தபடி செய்தான். "சாயங்காலம் எத்தனை மணிக்கு ஆபீஸ் பூட்டுவீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

டேப்பில் பேக்கப் எடுத்த காலத்து இன்னொரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். தாத்தா, அப்பா, மகன் என்று அதற்குப் பெயர். தினசரி நகல்கள் மகன்கள், அடுத்த வாரம் அதே டேப்பில் மேலெழுதலாம். வாரக் கடைசி நகல் அப்பா. மாதக் கடைசி நகல் தாத்தா, அவரைத் தொடக் கூடாது. சோழர் கல்வெட்டில் கோயில் விளக்குக்கு நெய் தர ஆடு விடும்போது சாவா மூவாப் பேராடு 96 என்பார்கள். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் கணக்கில் எப்போதும் 96 இருக்க வேண்டும், குட்டியை வைத்து இட்டு நிரப்ப வேண்டியது இடையரின் பொறுப்பு. தனித்தனி ஆட்டைக் காப்பாற்றுவதில்லை, மந்தையைக் காப்பாற்றுவது. டேப் சுழற்சியும் அதுவேதான்.

பழைய நகலை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் மாவட்டமே பதில். கணக்கு அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டம். 1995 நவம்பர் 1-இல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001 ஜனவரி 1-இல் அரியலூர் தனி மாவட்டம். 2002 மார்ச் 31-இல் அதைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-இல் மறுபடி தனி. அரியலூர் லாரிக்காரர் ஒருவர் வீடு மாறாமலே திருச்சி, பெரம்பலூர், அரியலூர், பெரம்பலூர், அரியலூர் என்று முகவரி மாறிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு தடவையும் மாஸ்டர்ல போய் மாவட்டத்தை மாத்தணும் தம்பி. மாத்துனா பழைய பில்லுலயும் மாறிடும். 2001 பில்ல 2003-ல பிரிண்ட் எடுத்தா பெரம்பலூர்னு வரும். ஆபீசர் கேப்பாரு" என்பார் அக்கா. அதற்காகவே அவர் ஃபிளாப்பிக் காலத்திலிருந்து மார்ச் கடைசி நகலைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். 'அடுத்த டிஸ்க்கைப் போடு' என்று டாலி கேட்கக் கேட்க ஃபிளாப்பியாக மாற்றிப்போட்டு எடுத்தவை. 2011-இலிருந்து மார்ச் 31 உலக பேக்கப் தினமாம். கணக்குக்காரர்களுக்கு யாரும் அறிவிக்கத் தேவையில்லை.

அந்தப் பழக்கத்தை அவர் விட்டது எப்போது தெரியுமா? தானாக ஓடும் என்று சொன்ன அன்று. நான் திருமழபாடியில் நின்று சிரித்து முடித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. மிஷின் வந்து அக்காவின் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. மிஷின் எடுத்துக்கொண்டதாக எல்லாரும் நம்பிய ஒரு வருஷம், அந்த வேலையை யாருமே செய்யவில்லை.

டிஸ்க் போனபிறகு நாங்கள் வைத்த ஏற்பாட்டைச் சொல்கிறேன், இதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினோம். ஒன்று ஆபீஸில், மற்றது துறைமங்கலத்தில் சார் வீட்டு பீரோவில், சனிக்கிழமை மாற்றிக்கொள்வது. நேரம் மதியம் 1:15. அது சாப்பாட்டு நேரம், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், டாலி மூடியிருக்கும். டாலி திறந்திருக்கும்போது ஃபோல்டரை நகலெடுத்தால் பாதி எழுதிய ஃபைல் வந்து சேரும், அது பார்க்க நகல் மாதிரியே இருக்கும். கிழமைக்கு ஒரு ஃபோல்டர், மாதக் கடைசிக்குத் தனி ஃபோல்டர். கண்ணாடி சுவிட்ச் இல்லை. நேரம் தவறிப்போனால் கம்ப்யூட்டர் வந்ததும் உடனே ஓடு என்று ஷெட்யூலரில் ஒரு கட்டம் இருக்கிறது, தானாக டிக் ஆகியிருக்காது, நாம்தான் டிக் செய்ய வேண்டும். மின் இணைப்பில் இருந்தால் மட்டும் ஓடு என்ற இன்னொரு கட்டம் முதலிலேயே டிக் ஆகியிருக்கும், அதை எடுத்தோம். யூ.பி.எஸ்ஸை யூ.எஸ்.பி கேபிளில் இணைத்தால் விண்டோஸ் அதை பேட்டரி என்று நினைத்துக்கொள்ளும். 2012-இல் பெரம்பலூரில் அந்த டிக் இருந்திருந்தால் பாதி நாள் பேக்கப் ஓடியிருக்காது.

(இப்போது விண்டோஸ் 10-இல் ஒருமுறையும் ஓடாத டாஸ்க்குக்கு 'நெவர்' என்று வராமல், 1999 நவம்பர் 30-இல் ஓடியதாகக் காட்டும். முதல்முறை பார்த்தபோது அடப்பாவி, நான் ஸ்கூல் படிக்கும்போதே ஓடியிருக்கிறதே என்று நினைத்தேன்.)

இவ்வளவும் செய்து நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் சார் தன் லாக்இன் பாஸ்வேர்டை மாற்றினார். டாஸ்க் பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டிக்கொண்டே நின்றது. சத்தம் போடவில்லை. அது சத்தம் போடாது.

பெரிய இடத்திலும் இதேதான். 1998-இல் பிக்ஸார் 'டாய் ஸ்டோரி 2' எடுத்துக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரு கட்டளையில் படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழிந்தன. பேக்கப்பைத் திறந்தால் அது ஒழுங்காக எடுக்கப்படவே இல்லை. கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அதில் நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு வந்தார்கள். 2017 ஜனவரி 31-இல் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருந்தும் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. தினசரி நகல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மெயில்கள் போய்ச் சேரவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது, ஆறு மணி நேரம் முன்னால் ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த நகல்.

இரண்டு கதையிலும் காப்பாற்றியது ஷெட்யூலில் இல்லாத மனிதர் என்று இதைப் படிக்கலாம். நான் அப்படிப் படிப்பதில்லை. அதிர்ஷ்டத்தை நம்பி ஆபீஸ் நடத்த முடியாது, பேக்கப் தானாகத்தான் ஓட வேண்டும். மனிதக் கை ஒரு வாரம் எடுக்கும், இரண்டாவது வாரம் ரிட்டர்ன் கடைசித் தேதி வரும், மூன்றாவது வாரம் மறக்கும். ஆனால் ஓடியதா என்று பார்ப்பதை மட்டும் தானாக ஓட விட முடியாது.

நகல் எங்கே, யார் கையில் என்பதும் சின்ன விஷயமில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 புத்தகங்கள் போயின, வேறெங்கும் நகல் இல்லாத சுவடிகளும் அதில் உண்டு. அந்த நினைவோடுதான் 2005-இல் நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. இங்கே, கல்வெட்டின்மேல் ஈரத்தாளை ஒட்டித் தட்டி மை ஒற்றி எடுத்த மைப்படிகள் ஊட்டியிலும் பிறகு மைசூரிலும் பல பத்தாண்டுகள் இருந்தன. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. நகல் பத்திரமாக இருப்பது ஒன்று, அதைத் திறந்து படிக்க நமக்கு வழி இருப்பது இன்னொன்று.

அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, ஏதாவது ஒரு பார்ட்டியைத் தேர்ந்தெடுப்பார். நேற்றைய நகலைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்வார். ட்ரையல் பேலன்ஸைத் திறந்து அடியில் வரும் தொகையை ஏற்கெனவே பிரிண்ட் எடுத்த தாளோடு ஒத்துப் பார்ப்பார். ஒரு நோட்டில் தேதி, பார்ட்டி பெயர், தொகை, கையெழுத்து. அரை மணி நேர வேலை. அவரை யாரும் செய்யச் சொல்லவில்லை. 2012-க்குப் பிறகு, யாரிடமும் 'தானா ஓடும்னு சொன்னாங்க' என்று சொல்லும் நிலைக்கு இனி வரக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டார் போலிருக்கிறது. பாஸ்வேர்ட் மாறி பேக்கப் நின்ற விஷயம் தெரிந்ததும் அந்த நோட்டால்தான். பன்னிரண்டாவது நாள் தெரிந்தது. 2017 மே மாதம் வானாக்ரை வந்து உலகமெல்லாம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வாரத்தில், வெளி டிஸ்க்கை வேலை முடிந்ததும் பிடுங்கி வைக்க வேண்டும் என்பதையும் அந்த நோட்டின் அட்டையில்தான் சிவப்பு மையில் எழுதினார். மாட்டியே இருந்தால் மூலத்தோடு நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். நோட்டு என்னிடம் இருக்கிறது, முதல் தேதி வேலையை இப்போது நான் செய்கிறேன். போன மாதம் கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது, இந்த நோட்டுக்கு ஒரு நகலும் கிடையாது. உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தேன். படங்கள் இன்னும் போனிலேயேதான் இருக்கின்றன.